‘பூ’ போடும் ஊரில் நான்கு நாள்

ஆகஸ்ட் 3, 2023, வியாழன்

நியூஜெர்சியில் கம்பெனி வேலை ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. ஞாயிறு இரவுதான் விமானம். "மூணு நாள் ஓட்டல்ல படுத்துக் கிடக்கப் போறயா? கெளம்பி பிலடெல்பியா வாடா" என்று செந்தில் போனில் கத்தினான். காலேஜில் நான்கு வருடம் ஒரே ரூம். இப்போது எக்ஸ்டன் என்கிற புறநகரில் வீடு, மனைவி, பதினொரு வயதில் யாழினி.

30-வது தெரு ரயில் நிலையத்தில் சாயங்காலம் இறங்கினேன். வெளியே வந்ததும் ஆடி மாதத்துச் சென்னை போலப் பிசுபிசுத்தது. கோயம்புத்தூர்க்காரனுக்கு இது தாங்காது. காரில் ஏசி, ஆனால் கார் நகரவில்லை. ஸ்கூல்கில் எக்ஸ்பிரஸ்வேயில் எக்ஸ்பிரஸ் என்று எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் நின்று நின்று போனதில் 94.1 ரேடியோவை முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று. நாள் பூராவும் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிற ஸ்டேஷன். போன் போட்டவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ரே டர்னர். பேஸ்பால். இந்த ஊர் பில்லீஸ் அணியின் புது ஷார்ட்ஸ்டாப், அதாவது சுற்றி ஓட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்று பந்து பிடிக்கிறவர். போன டிசம்பரில் 11 வருடத்துக்கு 30 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்து எடுத்தார்கள். நம் கணக்கில் 2,500 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மார்ச்சில் உலகப் போட்டியில் அமெரிக்காவுக்காக வெனிசுவேலாவோடு ஆடும்போது, மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒரு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்தார். ஊரே கொண்டாடியது. மார்ச் கடைசியில் சீசன் தொடங்கியதிலிருந்து அடி விழவே இல்லை. சராசரி .235 பக்கம் கிடக்கிறது. நூறு தடவை அடிக்கப் போனால் இருபத்து மூன்றோ நாலோ ஹிட். இந்த ஆளிடம் முப்பது எதிர்பார்த்தார்கள். நேற்று ராத்திரி மயாமியில் கூடுதல் இன்னிங்ஸில் ஒரு பந்தைக் கோட்டைவிட்டதில் ஆட்டமே போய்விட்டது. தோற்றதற்குத் தான்தான் காரணம் என்று அவரே சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகு தனியாக நின்று பேட்டிங் பயிற்சி எடுத்தாராம்.

பின் சீட்டிலிருந்து யாழினி சொன்னாள்: "மாமா, நாளைக்கு நாம மேட்ச் போறோம். எல்லாரும் அவருக்குப் பூ பண்ணுவாங்க."

நான் ஒரு கணம் பூ தூவுவார்கள் என்றே நினைத்துவிட்டேன். செந்தில் ஸ்டீயரிங்கில் அடித்துச் சிரித்தான். "டேய், இது அந்தப் பூ இல்ல. ‘பூஊஊ’ன்னு கத்தறது. இந்த ஊருக்குப் பேரே அதுதான்."

பிறகு ஊர்ப் பெருமையை அவிழ்த்துவிட்டான். 1968-ல் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா மேலேயே பனி உருண்டை எறிந்த ஊர். பில்லீஸுக்காக 548 ஹோம் ரன் அடித்த மைக் ஷ்மிட்டையே விடவில்லை. 1985-ல் அவர் வெளியூர்ப் பத்திரிகையிடம் ரசிகர்களைக் குறை சொல்லிவிட, உள்ளூரில் அடுத்து இறங்கும்போது விக்கும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். அரங்கம் சிரித்து, எழுந்து கைதட்டியது. "தப்ப ஒத்துக்கிட்டா, இல்ல சிரிக்க வெச்சா, இந்த ஊர் விட்டுரும்டா" என்பது செந்திலின் கொள்கை. எங்கள் ஊரில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் காரம் அதிகம்.

வீட்டில் செந்திலின் மனைவி கவிதா அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தாள். நெய் மட்டும் இந்தியக் கடையில் வாங்கியது. மூன்று தட்டு.

ஆகஸ்ட் 4, வெள்ளி

காலையில் செந்தில் ஆபீஸ் போகிற வழியில் என்னை நகரத்துக்குள் இறக்கிவிட்டான். மாலை ஆறு மணிக்கு அரங்க வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு.

ரெடிங் டெர்மினல் சந்தைக்குள் நுழைந்தபோது பதினொன்று. பழைய ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கிற சந்தை. மீன், இறைச்சி, காய்கறி, கூடவே தொப்பி வைத்த ஆமிஷ் பெண்கள், பழைய காலத்து முறையிலேயே வாழ்கிற கிறிஸ்தவப் பிரிவினர், பிரெட்சல் முறுக்கித் தரும் கடை. வெண்ணெய் சொட்டச் சொட்ட, சூடாக. நம் முறுக்குக்கு இது அண்ணன் முறை வேண்டும், ஆனால் மொறுமொறுப்பு இல்லாத அண்ணன். அப்புறம் வறுத்த பன்றி இறைச்சி சாண்ட்விச் ஒன்று. கசப்பான ஒரு கீரையும் நெடியடிக்கும் சீஸும் வைத்துத் தருகிறார்கள். ஊர் பெயரோடு சுற்றுகிற சீஸ்ஸ்டேக்கை, சீஸும் மாட்டிறைச்சியும் வைத்த சாண்ட்விச்சை, விட இதுதான் உண்மையான உள்ளூர்ச் சாப்பாடு என்று வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி சத்தியம் செய்தார். கேட்காமலே சொன்னார். பாதியில் எனக்குக் கீரை பிடித்துவிட்டது.

ஐந்து மணிக்குச் சிட்டி ஹாலில் சுரங்க ரயில் ஏறினேன். இரண்டரை டாலர். உட்கார இடம் தாராளமாக இருந்தது, அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு நிலையம் தாண்டி, எதிர் சீட்டில் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் போட்ட ஒரு அம்மா என் தலையில் இருந்த பில்லீஸ் தொப்பியை, செந்தில் கொடுத்தது, உற்றுப் பார்த்தார்.

"மேட்சுக்கா?"

"ஆமாங்க."

"இந்தப் பெட்டியில வேற ஒருத்தனாவது சிவப்புத் தொப்பி போட்டிருக்கானா பாரு! இது வடக்கே போற வண்டி!"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிலையத்தில் அவரும் இறங்கினார். கையைப் பிடிக்காத குறையாக என்னை எதிர்ப் பக்கத்து மேடைக்கு நடத்திக்கொண்டு போய், "சிவப்பா ஒரு கூட்டம் வரும். அதுல ஏறு. கடைசி ஸ்டாப்பு. அவங்க இறங்கறப்ப இறங்கு. புரியுதா?" என்று அதட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் ஆள் இல்லை. அவருடைய ஊர் அந்த நிலையமே இல்லை, எனக்காக இறங்கியவர் என்பது அடுத்த வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்தால் கண்ணுக்கு எட்டிய வரை கார் நிறுத்துமிடம். கார் டிக்கிகளைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டி ஆள் ஆளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிப் போய், வண்டிக்குக் கீழேயே பொங்கல் வைப்பது போல. ரோட்டோரத்தில் ஐஸ் பெட்டியோடு ஒருவர் தண்ணீர் பாட்டில் ஒரு டாலர் என்று கூவினார். உள்ளே விலை தெரிந்த பிறகு, இரண்டாக வாங்காமல் விட்டோமே என்று இருந்தது.

யாழினி 7-ம் நம்பர் ஜெர்சியில் நின்றாள். டர்னருடையது. "மாமா, இன்னிக்குப் பூ இல்ல. நிக்கணும்" என்றாள். ஒரு யூட்யூபர் ஆரம்பித்து, ரேடியோவில் பரவி, நேற்றைக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்ட யோசனையாம்: திட்டித் திட்டிப் பார்த்தாயிற்று, ஒரு தடவை எழுந்து நின்று கைதட்டிப் பார்ப்போம்.

"நாற்பதாயிரம் பேர் ஒருத்தன் சொன்னதக் கேப்பாங்களா?" என்றேன்.

"இந்த ஊர்ல ரெண்டு பேர் ஒண்ணாச் சேந்து ஒண்ணு செஞ்சு நான் பாத்ததில்ல" என்றான் செந்தில்.

சாப்பாட்டுக் கடையில் கிராப்ஃப்ரைஸ் என்று எழுதியிருந்தது. நண்டு என்றதும் ஆவலாக வாங்கினேன். உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் நண்டுக்குப் போடுகிற மசாலாப் பொடி, தொட்டுக்கொள்ளச் சீஸ். நண்டு எங்கே என்று கிளறிப் பார்த்தேன். "மாமா, அதுல நண்டே கிடையாது" என்று யாழினி பரிதாபமாகச் சொன்னாள். நம் ஊர் காலிஃபிளவர் சில்லி மாதிரிதான், வேஷம் மட்டும் கோழி. ஆனால் பொடி நன்றாக இருந்தது.

எங்கள் இடம் மேல் அடுக்கு. என் இடது பக்கத்து இருக்கையில் எழுபது வயதிருக்கும் ஒரு கறுப்பினப் பெரியவர். போட்டிருந்த சட்டையில் எண் 15, பெயர் ஆலன். மடியில் ஸ்கோர் எழுதும் அட்டை, காதில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறித்தார். கட்டம் கட்டமாக இருந்த அட்டையில் எண்களும் கோடுகளும். வீட்டில் என் அப்பா பால் கணக்கு எழுதின காலண்டர் போல இருந்தது. எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு அவரே சொல்லிக்கொடுத்தார். பந்து வீசுகிற பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பிடிக்கிற கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டானால், அதாவது ஸ்ட்ரைக் அவுட்டுக்கு, ‘கே’. பந்தை வேடிக்கை பார்த்து அவுட்டானால் ‘கே’யைத் திருப்பிப் போட வேண்டும். ஷார்ட்ஸ்டாப் பிசகினால் ‘ஈ 6’.

"இந்த வருஷம் ஈ 6 நெறைய எழுதிட்டேன்" என்றார்.

டர்னர் முதல் தடவை பேட்டோடு வந்தார். ஒலிபெருக்கியில் பெயர் முடியவில்லை, கீழ் அடுக்கில் சலசலவென்று எழுந்தார்கள். அது அப்படியே மேலே ஏறி எங்களிடம் வந்தது. யாழினி நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். செந்தில், அந்த நாத்திகன், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். நாங்கள் இருந்த உயரத்துக்கு டர்னரின் முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டும் வெள்ளைச் சட்டையும் மட்டும், சுண்டு விரல் உயரத்தில்.

பெரியவர் உடனே எழவில்லை. பென்சிலை எடுத்துக் காதில் வைக்காமல் அட்டைமேல் கிடத்தினார். அட்டையை மூடினார். அதைக் கீழே வைத்தார். முன் இருக்கையின் முதுகைப் பிடித்து, ஒரு முட்டியை முதலில், அப்புறம் மற்றதை நீட்டி எழுந்தார். கை தட்டினார், சத்தம் வராத தட்டல்.

1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் பன்னிரண்டு ரன்னில் ஜெயித்தபோது கூட்டம் எழுந்து நின்றதை டிவியில் பார்த்தவன் நான். அது ஜெயித்தவனுக்கு. தோற்றுக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு கூட்டம் எழுந்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். தொண்டை அடைத்தது. பேஸ்பாலில் பாதி விதி எனக்குத் தெரியாது, அது வேறு.

உட்கார்ந்ததும், "இந்த ஊர் மன்னிக்கிற ஊர்னு என் ஃப்ரெண்டு சொல்றாரு" என்று பெரியவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

அவர் முதுகைத் திருப்பி அந்த 15-ஐக் காட்டினார்.

டிக் ஆலன். 1964-ல் பில்லீஸுக்கு முதல் முழு சீசன் ஆடி, அந்த வருடமே சிறந்த புதுமுகம், சராசரி .318, ஹோம் ரன் 29. அந்த வருடம்தான் பன்னிரண்டு ஆட்டம் மீதி இருக்க, ஆறரை ஆட்டம் முன்னணியில் இருந்து, வரிசையாகப் பத்துத் தோற்று அணி லீக் பட்டத்தைக் கோட்டைவிட்டது. அடுத்த ஜூலையில் சக வீரர் ஒருவரோடு மைதானத்திலேயே சண்டை. ஆலன் மேல் பேட்டை வீசியவர் அவர். அணி அவரை அனுப்பிவிட்டது. ஊர் பழியை ஆலன் மேல் போட்டது. "எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. லீஹை அவென்யூவுல அரங்கம். எங்க வீடு நடந்து போற தூரம்" என்றார். அதன்பின் ‘பூ’ மட்டுமா? கையில் கிடைத்ததை எறிந்தார்கள். அதனால்தான் ஆலன் பந்து பிடிக்க நிற்கும்போதும் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டார். டிக் என்று கூப்பிடுங்கள் என்று அவர் சொல்லச் சொல்லப் பத்திரிகைகள் ரிச்சி என்றே எழுதின. 1969-ல், கிளம்பிப் போகிற வருடம், முதல் பேஸ் பக்கத்து மண்ணில் காலால் ‘பூ’ என்று எழுதினார்.

"அப்ப யாரும் ரேடியோவுல, எழுந்து நிப்போம்னு சொல்லல" என்றார் பெரியவர். குரலை உயர்த்தவே இல்லை. "எழுபத்தஞ்சுல திரும்பி வந்தார். அன்னிக்கு நின்னாங்க. நானும் நின்னேன். ஆனா அவருக்கு அப்போ முப்பத்திமூணு வயசு."

அதற்குள் அடுத்த பேட்டர். அவர் அட்டையை எடுத்துக்கொண்டார். மறுபடி பேச எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "ஹால் ஆஃப் ஃபேம்ல ஒரு ஓட்டுல போச்சு. ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை ஆள் உயிரோடயே இல்ல" என்றார். பேஸ்பாலில் பெரிய ஆட்டக்காரர்களை ஓட்டுப் போட்டுச் சேர்க்கிற கௌரவப் பட்டியல் அது.

டர்னர் வந்தபோதெல்லாம் கூட்டம் எழுந்தது. ஒரே ஒரு ஹிட்தான் கிடைத்தது. அதற்குக் கிளம்பிய சத்தத்தில் கோப்பை ஜெயித்துவிட்டார்கள் என்றே புதிதாக வந்தவன் நினைப்பான். கடைசி முறை பெரியவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே தட்டினார். இந்தத் தடவை சத்தம் கேட்டது.

ஆட்டம் 7-5 என்று தோல்வி. அதுவும் கன்சாஸ் சிட்டி ராயல்ஸிடம், இந்த வருடம் எல்லோரிடமும் அடி வாங்குகிற அணி. "எழுந்து நின்னு கால் வலிச்சதுதான் மிச்சம்" என்றான் செந்தில். பெரியவர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, "நாளைக்கு ஈ 6 வந்தா நான் கத்துவேன், சொல்லிட்டேன்" என்று யாழினியிடம் சொல்லிவிட்டு, படிக்கு ஒரு கைப்பிடியாக இறங்கிப் போனார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வர ஐம்பது நிமிடம்.

ஆகஸ்ட் 5, சனி

கால் வலி. மத்தியானம் சீஸ்ஸ்டேக் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கூட்டிப் போனான். ஒன்பதாவது தெருவும் பேசியங்க் அவென்யூவும் சந்திக்கிற முக்கில் இரண்டு கடைகள் எதிரும் புதிருமாக. ஒன்று 1930-லிருந்து, மற்றது 1966-லிருந்து. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே ஆர்டர் கொடுக்க ஒரு மந்திரம் உண்டு: "விஸ் விட்". விஸ் என்பது டப்பாச் சீஸ். விட் என்றால் வெங்காயம் போடு. வரிசையில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஜன்னலுக்கு வந்ததும் "ஒன் சீஸ்ஸ்டேக் ப்ளீஸ்" என்று வாய் உளறிவிட்டது. ஜன்னல்காரர் பெருமூச்சு விட்டார். பின்னால் நின்ற நான்கு பேர் ஒரே குரலில் எனக்காக ஆர்டர் கொடுத்தார்கள், நான் கேட்காத சீஸில்.

ருசி? இறைச்சி நன்றாக இருந்தது. சீஸ், பெயிண்ட். பதினைந்து டாலர் அளவுக்கு வந்தது.

திரும்பும்போது லீஹை அவென்யூ வழியாகப் போகலாமா என்று கேட்டேன். "அங்க என்னடா இருக்கு?" என்றான், ஆனாலும் விட்டான். 21-வது தெரு முனை. பழைய கானி மேக் அரங்கம் இருந்த இடம். பில்லீஸ் 1970 வரை அங்கேதான் ஆடினார்கள், 1976-ல் இடித்தார்கள். இப்போது பெரிய தேவாலயம். எதிரே வரிசை வீடுகள், ஒரு திண்ணையில் இரண்டு பேர் மின்விசிறி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பேஸ் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யாழினி கேட்டாள். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் நின்றோம். வெயில்.

ராத்திரி மேட்ச் டிவியில். கவிதா போண்டா போட்டாள். டர்னர் மூன்று ரன் ஹோம் ரன் ஒன்று அடித்தார். அரங்கத்தின் மேலே இருக்கிற பெரிய விளக்கு மணி ஆடியது, யாழினி கத்தியதில் மாடியில் தூங்கின கவிதாவின் மாமியார் எழுந்து கீழே வந்துவிட்டார். 9-6, வெற்றி. நேற்று எழுந்து நின்றதால்தான் என்று யாழினிக்குச் சந்தேகமே இல்லை. செந்திலும் மறுக்கவில்லை, போண்டா வாயில் இருந்தது.

எனக்கு அந்தப் பெரியவர் இன்றைக்கு என்ன குறித்திருப்பார் என்பதிலேயே நினைப்பு ஓடியது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ரயில், விமானம். புளிக்குழம்பு டப்பா பையில் கசிந்து ஒரு சட்டை போச்சு. சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய், கோவை

விடுமுறை. துவைக்கப் போட்ட துணியில் இன்னும் புளி வாசம். யாழினி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். நெடுஞ்சாலை ஓரத்து டிஜிட்டல் விளம்பரப் பலகையில் டர்னர், பக்கத்தில் பிலடெல்பியாவுக்கு நன்றி என்று. அவரே ஊரெங்கும் வைத்திருக்கிறார். நம் ஊரில் ரசிகர்கள் நடிகருக்குக் கட் அவுட் வைப்பார்கள், இங்கே தலைகீழ். கூடவே ஒரு குரல் செய்தி: "மாமா, இப்ப அவர் நல்லா ஆடறார். அப்பா வேற ஒருத்தரைத் திட்டிட்டு இருக்கார்."

பிற்சேர்க்கை: 2025 ஜூலை 27

பழைய பதிவைத் தேடி எடுத்து இதைச் சேர்க்கிறேன். இன்று டிக் ஆலனை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். போன டிசம்பரில் ஓட்டு கிடைத்துவிட்டது. அவர் இறந்து நான்கரை வருடம் ஆகிறது. மனைவிதான் மேடையேறிப் பேசினார். யாழினிக்கு இப்போது பதின்மூன்று. "அந்தத் தாத்தா டிவியில பாத்திருப்பாரா மாமா?" என்று கேட்டிருந்தாள்.

பென்சிலைக் கீழே வைத்திருப்பார் என்று பதில் போட்டேன்.